ஆர்க்கிட் பூவுக்கு ராசிபலன்

சிவகாசியில் நான் பக்கம் அமைக்கும் அச்சகத்துக்குக் கடந்த சீசனில் ஒரு விநோதமான காலண்டர் ஆர்டர் வந்தது. சாமி படம் இல்லை, குழந்தை படம் இல்லை. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஆர்க்கிட் பூக்கள். கொண்டுவந்தவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் டீச்சர். காட்டில் மரத்தைப் பற்றி வளரும் இந்தச் செடிகளை மலையடிவாரத்தில் பிய்த்து விற்கிறார்களாம். எந்தப் பூ எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று அந்த ஊர் வீட்டுச் சுவர்களிலேயே மாட்டிவிட்டால் பறிக்கிற கை கொஞ்சம் கூசும் என்று நம்பினார்.

முதலாளிக்கு ஜனவரித் தாளிலேயே வியர்த்துவிட்டது. பூவுக்குக் கீழே 'அழிவின் விளிம்பில்' என்று இருந்தது. தை பிறக்கிற மாதம். பட்டாசு ஊரில் விளையாட்டுக்குக்கூட இப்படிப் பேச மாட்டோம். அழிவை ஆணியடித்து மாட்டினால் வீடு விளங்குமா என்றார். உள்ளதைத்தான் போடவேண்டும் என்று டீச்சரும் விடவில்லை.

டீச்சர் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். உலகத்தில் அவர் நம்புகிற தமிழ் ஒன்றே ஒன்றுதான், தினசரிக் காலண்டரின் ராசிபலன். டீச்சர் எழுதிய 'கவலைக்கு இடமில்லை' என்பது 'சுகம்' ஆனது. 'பாதிப்புக்கு உள்ளாகலாம்' என்பது 'அலைச்சல்'. 'தகவல் போதாது' என்பது 'பொறுமை'. 'அழிவின் விளிம்பில்' என்பது 'கண்டம் உண்டு'. மரத்தைவிட்டு நகராத பூவுக்கு எங்கிருந்து அலைச்சல் வரும் என்று எரிச்சலோடு கேட்டேன். சொன்னதை அடி என்றார். அடித்தேன்.

டீச்சர் திரும்பிவந்து படித்தார். இன்றைக்கு இடி விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். தான் எழுதியதை யாரும் படித்திருக்க மாட்டார்கள், இதை வீட்டுக்கு வீடு படிப்பார்கள், இப்படியே இருக்கட்டும் என்றார்.

முதலாளிக்கு இப்போதுதான் உண்மையான கவலை பிடித்தது.

"கண்டம்னு போட்டா பரிகாரமும் போடணும்ல டீச்சர். இல்லாட்டி சனம் பதறிரும். என்ன செய்யணும்னு சொல்றீக?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. மரத்துல இருக்கிறத மரத்துலயே விட்டாப் போதும்."

முதலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காசே செலவில்லாத பரிகாரமா? அத எவன் டீச்சர் செய்வான்?"

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது.