உறை பிரிக்காத பள்ளிக்கூடம்

எங்கள் தாய்மாமாவுக்கு ஊர் வைத்த பெயர் ‘கவர்’. புதிதாக எது வாங்கினாலும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார். அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் சரசரக்கும். வெயில் காலத்தில் எழுந்தால் உறையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழும். ரிமோட்டுக்கு உறைமேல் உறை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் சத்தம்தான் கூடும்.

இப்படிப்பட்ட மகானைத்தான் பள்ளிக் கட்டடக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். புயலில் பழைய பள்ளி இடிந்துபோக, வெளிநாட்டு அமைப்பு ஒன்று கட்டித்தர முன்வந்திருந்தது. மாமா ஓடியாடி வேலை பார்த்தார். அத்தனை ஓட்டமும் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். எப்போதாவது எழுந்து போனால், முகவாயைத் தூக்கிக்கொண்டு கொத்தனாரிடம் மூக்கால் பேசுவார்.

“ம்ம்ம்... சர்வதேசத் தரம்! தெரியுதா? சர்வதேசத் தரம்!”

“தெரியுதுங்க. அது மேலதான் நிக்கிறீங்க. ஈரம் இன்னும் காயல, கொஞ்சம் இறங்கிக்குங்க.”

கட்டடம் முடிந்தது. முகம் பார்க்கும்படி பளபளக்கும் டைல்ஸ் தரை, உறையோடு வரிசையாகப் புதுப் பெஞ்சுகள். மாமா பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“கட்டிக் குடுத்தவங்க வந்து திறக்கணும். அதுவரைக்கும் ஒரு பிள்ளை உள்ள கால் வைக்கக் கூடாது.”

கட்டிக் கொடுத்தவர்களோ அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டார்கள். பிள்ளைகள் எதிரிலிருந்த தகரக் கொட்டகையிலேயே படித்தார்கள். மழைக்காலம் வந்தது. வெளியே தூறினால் கொட்டகைக்குள்ளே கொட்டியது. பாதி வகுப்பு காய்ச்சலில் படுக்க, மீதி வகுப்பு இருமியது. பாடம் நடத்தியவர் வேறு யாருமில்லை, மாமாவின் மனைவி, எங்கள் அத்தை.

“என்னங்க, ஒரு ரூமையாவது திறந்து விடுங்களேன். இருமுற சத்தத்துல எனக்கே பாடம் மறந்து போகுது.”

“சேத்துக்காலோட வருவாங்கடி. டைல்ஸ் என்னத்துக்கு ஆகும்?”

“டைல்ஸுக்குக் காய்ச்சல் வராதுங்க.”

“வர்றவங்க என்ன நினைப்பாங்க? பழைய கட்டடத்தைக் காட்டி ஏமாத்துறான்னு நினைக்க மாட்டாங்க?”

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி இன்னும் பெட்டியிலதான் இருக்கு. என்னை மட்டும் எப்படிங்க வெளிய எடுத்தீங்க?”

ஒருவழியாக அந்த நாள் வந்தது. மாமா கதவைத் திறந்துவைத்து, வாசலுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, தட்டில் கத்தரிக்கோலை ஏந்தி நின்றார். காரிலிருந்து ஒரு வெளிநாட்டு அம்மா இறங்கினார், கூடவே மொழிபெயர்க்க ஓர் இளைஞர். அந்த அம்மா புதுக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவும் கையுமாக நேரே கொட்டகைக்குப் போய்ப் படமாக எடுத்துத் தள்ளினார்.

“மேடம் சொல்றாங்க, இயற்கையோட சேர்ந்து படிக்கிறது ரொம்ப அழகா இருக்காம்.”

மாமா ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. “அப்படியா! அப்ப இதே மாதிரி இன்னொரு கொட்டகை கட்டித் தரச் சொல்லுங்க தம்பி!”

பதிலுக்கு இயற்கையே முந்திக்கொண்டது. சோவென்று மழை. தகரத்தின் ஓட்டை வழியாகத் தண்ணீர் நேரே கேமராமேல் விழ, அந்த அம்மா கூச்சலிட்டார். ரிப்பனும் தட்டும் புருஷனும் எல்லாம் அத்தைக்கு மறந்துபோயின.

“பையைத் தூக்குங்க! வரிசையெல்லாம் வேணாம், ஓடுங்க!”

பிள்ளைகள் சேற்றுக்காலோடு பாய்ந்து, ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்தார்கள்.

“ஏய்! ஏய்! காலு! காலைத் துடைங்கடா! ஐயோ டீச்சர், ரிப்பன்!” ஊர் முன்னால் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கேமராவை வயிற்றோடு அணைத்தபடி அந்த அம்மாவும் குனிந்து உள்ளே போனார். பின்னாலேயே மொழிபெயர்ப்பாளர்.

“நீங்களும் வாங்களேன், நனையுறீங்க” என்றார் அத்தை.

“வெட்டாம எப்படி வர்றது? தம்பி, மேடத்தை வெளிய வந்து ஒரு வெட்டு வெட்டிட்டுப் போகச் சொல்லுங்க!”

தம்பி சொன்னார். மேடம் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“சாரல் அடிக்குது” என்று அத்தை கதவைச் சாத்திவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். வெளியே ரிப்பன் நனைந்துகொண்டிருந்தது, தலைவரும்தான்.