தொண்டையில் இல்லாத முள்

சூடை மீன் பொரியும் மணம் எங்கள் தெருவில் எல்லோரையும் அடுப்படிக்கு இழுக்கும். என்னை மட்டும் முற்றத்துக்கு விரட்டும். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், மன்னார்த் தீவு, அப்பா கடல்தொழிலாளி, மகளுக்கோ மீனென்றால் பயம். இதைவிட வெட்கக்கேடு உண்டா! எப்போதோ தொண்டையில் குத்திய முள் சோற்று உருண்டையோடு இறங்கிப்போனது. "இன்னும் கிடக்குது" என்ற நினைப்புத்தான் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வேதக் கோயிலில் சுவாமியார், தொண்டை நோய் தீர்க்கும் வழக்கப்படி, இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து ஆசீர்வதித்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று ஊரே சொல்லச் சொல்ல, இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு வலுத்தது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அப்பா சலித்துக்கொள்வார். முள்ளில்லாத "சுறா வறை" ஒன்றைத்தான் தின்றேன். ஒருநாள் சுறா கிடைக்காமல், அம்மா பாரை மீனை உதிர்த்து வறுத்து, சுறா என்று சொல்லித் தந்தார். நாக்கில் முள் தட்டுப்பட்டது. அன்றோடு சுறாவும் போயிற்று. அம்மா கைபட்ட சோற்றையும் நான் நம்பவில்லை. சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். பிள்ளை தப்புமா என்று அம்மா ஒளித்து அழுததும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அண்ணன் கடலுக்கு எட்டத்தில் உள்ள அடம்பனில் கல்யாணம் முடித்து, மச்சாளைக் கூட்டிவந்தார். வயற்காட்டுப் பெண். வந்த கையோடு சூடைப் பொரியலை என் முன்னால் வைத்து மெல்லச் சொன்னார்:

"இதில முள் இருக்குது, பிள்ளை. கடல் மீன் தின்னப் பழக்கமில்லை, பயமாக் கிடக்கு. எங்க இருக்குதெண்டு பாத்துத் தாவன்."

முள் இருக்கிறது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். நடுமுள்ளை இழுத்து, பொடிமுள்ளை விரலால் நெருடி எடுத்துக் கொடுத்தேன். கண்ணால் கண்ட முள்ளுக்கு அவ்வளவு பயம் வரவில்லை. முதலில் நீ ஒரு வாய் தின், உனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் நான் தின்கிறேன் என்றார். நல்ல கெட்டிக்காரி! மச்சாள் பட்டினி கிடப்பாரே என்று விழுங்கினேன். இறங்கியது. பிறகு ஒவ்வொரு நாளும் இருவருக்கும் நானே முள் பார்த்தேன்.

நெடுநாள் கழித்து அடம்பனுக்குப் போனபோது, மச்சாள் தன் தாய்வீட்டில் கதைத்தபடியே, முள் நிறைந்த குளத்து மீனைத் தட்டைக்கூடப் பாராமல் தின்றதைக் கண்டேன். இவருக்கா முள்ளுக்குப் பயம்? ஏமாற்றிவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆனால் அதற்குள் என் தொண்டை திறந்துவிட்டிருந்தது.

இன்று மச்சாள் இல்லை. சூடை கூவி விற்கும் குரலும் தெருவில் இல்லை. கடையில் முள்ளெடுத்த மீனைப் பையில் அடைத்து விற்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பாராமலே தின்கிறார்கள். நான் விரலால் நெருடிப் பார்க்கிறேன். முள் இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. முள் இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.