இரண்டு வீட்டுக்கும் போன விசாலாட்சி

மாதுங்கா மார்க்கெட் வாசலில் பூ விற்கும் செல்லம்மாதான் எனக்குச் செய்தி சொன்னார். "ஐயா, உங்களுக்குத் தெரியாதா? கோர்ட்டம்மா போயிட்டாகளாம். காலைல பால் வாங்க எறங்குனவுக படியிலயே உக்காந்துட்டாகளாம். அப்புறம் எந்திரிக்கலையாம்." முந்தின நாள் மாலைதான் தாதரில் அவரை பஸ் ஏற்றிவிட்டிருந்தேன். "நாளைக்கு ஜெயிலுக்குப் போகணும் சார், ஆபீசுக்கு லேட்டாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாராவிக்கு அவர் கோர்ட்டம்மா. எங்கள் அலுவலகத்துக்கு மிஸஸ் விசாலாட்சி. நாங்கள் இருவரும் நன்னடத்தை அதிகாரிகளாக ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குற்றம் செய்தவனைச் சிறைக்கு அனுப்புவதா, கண்காணிப்பில் வெளியே விடுவதா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்வதற்கு முன், அவன் வீட்டையும் வேலையையும் விசாரித்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். ஆனாலும் நீங்கள் அறியாத ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

விசாரணையில் அவர் "ஏன் செய்தாய்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. காரணம் கேட்டபோது சொன்னார்: "ஏன்னு கேட்டா, நமக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பதிலைச் சொல்லிடுவா சார். எங்கே படுத்துண்டே, யாரோட சாப்பிட்டேன்னு கேட்டா நிஜம் வரும்." சுடலை விஷயத்தில் அப்படித்தான் நிஜம் வந்தது. சைக்கிள் டியூபில் கள்ளச்சாராயம் நிரப்பி, இடுப்பில் சுற்றிச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோகும்போது தாராவியில் பிடிபட்டவன் அவன். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை போனபின் இந்தத் தொழிலுக்கு வந்தான் என்று போலீஸ் எழுதியிருந்தது. விசாலாட்சி அவனிடம் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. "இப்போ குடியிருக்கற கோலி, அந்த ஒத்தை ரூம், யாரோடது?" என்று கேட்டார்.

சுடலை தலையைக் குனிந்துகொண்டான். "சாராயம் காய்ச்சப் பட்டி போடுத அண்ணாச்சியோடதும்மா. வாடகையில்லாம சும்மாதான் இருக்கச் சொன்னாரு. டியூப எடுக்க மாட்டேம்னா அன்னைக்கே சாமானத் தூக்கி வெளிய போட்டுருவாரு. மாசமா இருக்கிறவள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

அந்த ஒற்றை அறையை விட்டு அவன் வெளியேறினால் தொழிலையும் விட்டுவிடுவான் என்று விசாலாட்சி முடிவு செய்தார். ஆண்டாப் ஹில்லில் அவனுடைய சொந்தக்காரர் ஒருவரின் குடிசையில் இடம் பேசி, ஒரு சாயப்பட்டறையில் வேலையும் பிடித்துக்கொடுத்தார். அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார், சுடலை வெளியே வந்தான். சில மாதங்கள் ஒழுங்காகத்தான் இருந்தான். பிள்ளை பிறந்தபின் சொந்தக்காரர் இடமில்லை என்று சொல்லிவிட, ஒருவரிடமும் சொல்லாமல் பழைய அறைக்கே திரும்பிப் போனான்.

அந்த அறை இருந்த சந்தில், எதிர்வீட்டில் இபுராகிம் என்றொரு தையல்காரர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சட்டை தைப்பவர். அதே சந்தில் இருந்த சாராயக் கடைக்கு வருகிறவர்கள் குழாயடியில் நிற்கும் பெண்களிடம் வம்பு செய்வதைப் பொறுக்காமல் ஹவல்தாரிடம் புகார் சொன்னார். புகார் போன வேகத்தில் செய்தி சுடலைக்கு அறை கொடுத்த சாராய முதலாளிக்கும் போனது. அவர் சுடலையைக் கூப்பிட்டு, "மிரட்டிட்டு வா" என்று அனுப்பினார். மிரட்டப் போனவன் கத்தியை வீசினான். இபுராகிமின் வலது கையில் நரம்பு அறுந்தது. அதற்குப் பிறகு அவர் விரல்கள் மடங்கவில்லை.

செய்தி கேட்டதும் விசாலாட்சி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேராக இபுராகிம் வீட்டுக்குப் போனார். அப்படிப் போவது எங்கள் வேலையில் சேர்ந்ததல்ல. அடிபட்டவரை விசாரிப்பது போலீசின் பாடு என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். இபுராகிம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் மனைவி மைமூன்தான் கதவைத் திறந்தார்.

"அவனை வெளியே விடலாம்னு எழுதினது நான்தாம்மா" என்றார் விசாலாட்சி. வேறு முன்னுரை எதுவும் இல்லை.

மைமூன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அவன் பொஞ்சாதி மாசமா இருக்காளான்னு கேட்டீகளாமே. அவன் எங்க படுக்கான்னு கேட்டீகளாமே. இந்தக் கல்லியில, இதே சந்துல, நாங்களும்தான படுக்கோம். எங்கள யாரு கேட்டா?" கதவு சாத்தப்பட்டது.

நான் கிளம்பலாம் என்றேன். அவர் அசையவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் நின்றபடியே, "அவ கேட்டது நியாயம் சார். அடுத்த வாரம் மறுபடி வரணும்" என்றார்.

அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும். ஒருநாள் மைமூன் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்று நானும் இருந்தேன். அவர் புருஷன் கையைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மைமூன் அந்தச் சந்து பற்றித்தான் பேசினார். "முன்ன பொழுது சாயுத வரைக்கும் எல்லா வீட்டுக் கதவும் தொறந்து கெடக்கும்மா. இப்ப வெளிச்சம் இருக்கையிலயே சாத்திக்கிடுதாக. எம்மவ குழாயடிக்குப் போக மாட்டேங்கா. பக்கத்து வீட்டுக்காரி எங்கூடப் பேசுததே இல்ல. பேசுனா அவ வீட்டுக்கும் ஆளு வருமாம். கத்தி விழுந்தது அவுக கையிலதான். பேச்சு நின்னு போனது எங்க எல்லாத்துக்கும்."

குற்றத்தின் விளைவு என்று நாங்கள் பயிற்சியில் படித்த எதிலும் இது இல்லை.

சுடலையை வெளியே விடச் சொன்னதற்கு அவர் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அலுவலகத்தில் மேலதிகாரி அவர்மேல் இரக்கப்பட்டே ஒரு வழி சொன்னார். சுடலையும் அவன் மனைவியும் பொய்த் தகவல் கொடுத்து ஏமாற்றிவிட்டதாக எழுதிவிட்டால் போதும், அதோடு விஷயம் முடிந்துவிடும். விசாலாட்சி ஒப்புக்கொள்ளவில்லை. "அவா சொன்னது அத்தனையும் நிஜம். நான் கேட்டது பாதி. மீதிப் பாதி எதிர்வீட்டுல இருந்தது, நான் அங்கே போகலை." அப்படியே எழுதியும் கொடுத்தார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, "நாற்காலி பெரிசா இருந்தா வெளியிலே சுத்த விட மாட்டா சார்" என்று சிரித்தார்.

சுடலை வழக்கில் அவரைச் சாட்சியாக அழைத்தார்கள். அறையைக் கொடுத்து வேலை வாங்கிய சாராய முதலாளியின் பெயரைத் திறந்த கோர்ட்டில் சொன்னார். அன்று மாலை இரண்டு பேர் மாதுங்கா வரை அவர் பின்னாலேயே வந்தார்கள். மறுநாளும் அவர் அதே பஸ்ஸில்தான் வந்தார், கொஞ்சம் வெளிறிப்போன முகத்தோடு. சுடலைக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. முதலாளிமேல் எதுவும் நிற்கவில்லை. சாராயக் கடை வேறு சந்துக்கு மாறியது, அவ்வளவுதான். நல்ல முடிவு என்று சொல்லிக்கொள்ள இதில் எதுவும் இல்லை. இபுராகிம் இடது கையால் துணியில் கோடு போட, மைமூன் வெட்டித் தைக்கக் கற்றுக்கொண்டார். அந்தச் சந்தில் கதவுகள் மெல்ல மெல்லத்தான் திறந்தன.

விசாலாட்சி இரண்டு பேரையும் பார்த்துவந்தார், சிறையில் சுடலையையும் சந்தில் மைமூனையும். இதை மைமூனிடம் அவர் மறைக்கவில்லை. ஒருநாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மைமூன் கேட்டார்.

"அவனையும் பாக்கப் போறீகளா?"

"போறேம்மா."

மைமூன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அப்புறம், "என்ன சொல்லுதான்?"

"உங்காத்துக்காரர் கை எப்படி இருக்குன்னு கேட்டான்."

"மடங்கலன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் அப்படியே போய்ச் சொன்னார். ஆறுதலாக ஒரு சொல் சேர்க்கவும் இல்லை, கடுமையாக ஒன்றும் சேர்க்கவில்லை. மன்னிப்பு, திருந்துதல் என்ற வார்த்தைகளை விசாலாட்சி லேசில் பயன்படுத்த மாட்டார். "நமக்கு அவசரம்கறதுக்காக அவா மன்னிக்கணுமா?" என்பார்.

அவர் இறந்த அன்று மாதுங்கா வீட்டின் கீழே உறவினர்களும் ஆபீஸ்காரர்களும் நின்றிருந்தோம். மைமூன் மகளோடு வந்து சற்றுத் தள்ளி நின்றார். நான் போய்ப் பேசியதும், "நேத்து ஜெயிலுக்குப் போறதாச் சொன்னாகளே, போனாகளா?" என்று கேட்டார். இல்லை, இன்றுதான் போவதாக இருந்தது என்றேன். "அப்ப அவனுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்றார். நானே போனேன். சுடலையிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான் எனக்கும் அழுகை வந்தது.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, தைரியமும் வரவில்லை. ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த விசாரணையானாலும் முதலில் அடிபட்டவர்கள் வீட்டுக்குப் போகிறேன். பல வீடுகளில் உள்ளே விடுவதில்லை. சிலர் திட்டுகிறார்கள். வாசலில் நிற்கிறேன்.