ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு வாசல்

இட்வல் ப்ரோபர்ட் கேட்டது ஒரே ஒரு வாசல்தான். வேல்ஸ் பள்ளத்தாக்கில், அந்தக் காலத்து இரும்பாலைக்காரன் தன் கூலியாட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் அவனுடையது. எட்டில் அக்கா மென்னா. நடுவில் ஒரே சுவர். அக்காவுக்கு எண்பத்தொரு வயது, இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. அவள் சுவரில் தட்டினால், எழுபத்தாறு வயதுக்காரன் பூட்ஸ் மாட்டி, மழையில் தெருவுக்கு இறங்கி, அவள் கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும். போன மாதம் பனியில் வழுக்கி அவனே படியில் கிடந்தான். உள்ளே அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பழைய கட்டடங்களைக் காக்கும் அலுவலகம் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டது. சுவரை உடைக்கக் கூடாதாம்.

அப்போதுதான் நினைவு வந்தது. தாத்தா மோர்கன் ஏழில், அவர் தம்பி ஈவன் எட்டில். எந்தக் கிறிஸ்தவ சபைக்குப் போவது என்று இருவருக்கும் சண்டை வந்து, நடுவாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஈவனின் மகளுக்குப் பிள்ளையில்லாததால் எட்டு மென்னாவுக்கு வந்தது. முன்பே வாசல் இருந்தது என்று காட்டிவிட்டால் மறுக்க முடியாதே! இரண்டு நாள் பூச்சைச் சுரண்டினான். கல் சுவருக்கு நடுவே செங்கல் தெரிந்தது.

அலுவலகத்து ரோலண்ட்ஸ் அம்மாள் வந்து தடவித் தடவிப் பார்த்தாள்.

"பொக்கிஷம், ப்ரோபர்ட் ஐயா!"

"அப்போ திறந்துடலாம்ல?"

"ஐயோ, அதெப்படி? இந்த வரிசையிலேயே அடைச்ச வாசல் இது ஒண்ணுதான். அடைப்புதான் வரலாறே. அனுமதி கேக்காம பூச்சை வேற சுரண்டியிருக்கீங்க. பழையபடி சுண்ணாம்புப் பூச்சு பூசிக் குடுத்துடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மென்னா கத்தினாள்: "என்னடா சொல்றா?"

"தாத்தா போட்ட சண்டையை நாம காப்பாத்தணுமாம்க்கா!"

"அட மூதேவிகளா! சாகும்போது தம்பி கையைப் புடிச்சுக்கிட்டுத்தானேடா தாத்தா செத்தாரு!"

ரோலண்ட்ஸ் அம்மாள் அதையும் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் இட்வல் மெத்தையைச் சுருட்டித் தெருவழியே இழுத்துக்கொண்டுபோய் அக்கா அடுப்படியில் போட்டான். "உன் குறட்டைக்காகவாவது நடுவுல ஒரு சுவர் வேணும்டா" என்றாள் அவள்.

மூன்றாம் வாரம் அதே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆளில்லாமல் பூட்டிப்போட்டால் பழைய சுவரில் ஈரம் ஏறும், ஏழாம் நம்பரில் யாராவது குடியிருக்க வேண்டும் என்று. இட்வல் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டு, அக்காவின் தலையணையைத் தூக்கி வைத்தான்.