கோம்பைக்காட்டு ஜீப்பின் பின் ஆக்சில்

நாமகிரிப்பேட்டையிலிருந்து கோம்பைக்காட்டுக்குப் பாதை பதினொரு கிலோமீட்டர். முதல் மூன்றிலேயே தார் முடிந்துவிடுகிறது. மீதி எட்டையும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பால் மட்டுமே ஏற முடியும். மேலே இருப்பவை முப்பத்திரண்டு வீடுகள். அவற்றுக்கு வேண்டிய அரிசியையும் சிமெண்டையும், அங்கிருந்து வரும் நோயாளிகளையும் பலாப்பழங்களையும் பத்தொன்பது ஆண்டுகளாக ஏற்றி இறக்கியவர் கந்தவேல். வயது நாற்பத்தெட்டு. 2023 அக்டோபர் 17-இலிருந்து ஐந்து மாதங்கள் அவருடைய ஜீப் ராசிபுரம் சாலைப் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. மலைக்காரர்கள் நடந்து இறங்கினார்கள். மறுபடி எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: “வண்டி வரும். ஆள் ஏத்தறதில்லைங்க.”

அக்டோபர் 17 அன்று நடந்தது இது. இறங்கும் வழியில் எட்டாவது வளைவில் வலப்பக்கப் பின் ஷாஃப்ட் உடைந்தது. அந்த ஜீப்பில் சக்கரத்தைச் சுழற்றுவதும் தாங்குவதும் அதே ஷாஃப்ட்தான். ஆகவே உடைந்த துண்டோடு சக்கரமும் வெளியே போயிற்று. வண்டி வலப்பக்கம் சாய்ந்து பள்ளத்தில் படுத்தது. ஆறு பேருக்குச் சிராய்ப்பு. வலப்பக்கப் பின் பெஞ்சில், எடை போடும் தராசை மடியில் வைத்து அமர்ந்திருந்த அவருடைய மனைவி கண்ணாத்தாள், ராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டார்.

அந்த ஷாஃப்ட் பழையதன்று. 2022 ஜூனில் போட்டது. அப்போதே மெக்கானிக் செங்கோட்டையன் இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தார். ஒன்று, இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் பழைய ஆக்சிலுக்குள்ளேயே கெட்டியான எஃகில் புது ஷாஃப்ட். மற்றொன்று, சிறிய சரக்கு லாரியின் முழு ஆக்சிலையே அகலம் குறைத்துப் பொருத்துவது. கணவனும் மனைவியும் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளி ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன் போட, பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தால் சம்மதம். கேட்ட கேள்வி, “புது ஷாஃப்ட் போடலாமா” என்பது. வெள்ளை வந்தது.

லாரி ஆக்சிலுக்கும் கேட்டுவிடலாம் என்றார் கந்தவேல்.

“ஆத்தா ஒண்ணுக்குச் சரின்னுட்டா. மறுக்காவும் போய் நின்னா, உன்ற பேச்சுல நம்பிக்கையில்லைன்னு சொல்ற மாதிரி ஆயிராதுங்களா?” என்று கண்ணாத்தாள் சொன்னார். இரண்டாவது கேள்வி கேட்கப்படவில்லை.

2024 மார்ச்சில் கந்தவேல் பட்டறைக்கு வந்தபோது, செங்கோட்டையன் உடைந்த துண்டை எடுத்துக் காட்டினார். உடைந்த முகத்தின் பெரும்பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு மட்டும் வெள்ளையாக மின்னியது.

“பாருங்ணா. இது அன்னைக்கு ஒடைஞ்சதில்லீங்க. கறுத்த எடமெல்லாம் முன்னாலயே விரிசல் விட்டுப்போனது. மிச்சம் இருந்தது இத்தனூண்டுதான்.”

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசம், மூணு மாசம் இருக்குமுங்க.”

அந்த மூன்று மாதங்களில் எத்தனை முறை மலை ஏறியிருப்போம் என்று கந்தவேல் கணக்கிட முயன்றார். இருபது வரை வந்து விட்டுவிட்டார். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விலை கேட்பவரைப் போன்ற குரலில், “எது போட்டாச் சக்கரம் போகாது?” என்றார்.

“அதைவிட நல்ல எஃகுல ஷாஃப்ட் வந்திருக்குது. லேசுல ஒடையாது.”

“ஒடைஞ்சா?”

“ஒடைஞ்சாச் சக்கரம் போயிருமுங்க. லாரி ஆக்சில் அப்படி இல்லீங்ணா. அதுல சக்கரம் ஹவுசிங் மேல, அதான் வெளிக்கூட்டு மேல, உக்காந்திருக்கும். ஷாஃப்ட்டுக்குச் சுத்தற வேலை மட்டுந்தான். ரோட்டுல நின்ன லாரிய எப்படி இழுத்துட்டு வாரோம்? ஷாஃப்ட்ட உருவிப் போட்டுட்டுத்தானே இழுக்கறோம்? சக்கரம் கழண்டுக்குதா?”

கந்தவேல் அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். நாமக்கல் பக்கத்தில் வண்டி ஓட்டும் எவருக்கும் அது புதிதன்று.

குறைகளையும் செங்கோட்டையன் மறைக்கவில்லை. லாரி ஆக்சிலின் நடுவயிறு பெரிது. தரையை நோக்கி இரண்டு அங்குலம் இறங்கும், பாறையில் இடிக்கும். பல்சக்கர விகிதம் முன் ஆக்சிலோடு ஒத்துவராவிட்டால், நான்கு சக்கரமும் இழுக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எடையும் கூடும்.

இம்முறை யாரிடமும் பூக் கேட்கப்படவில்லை. “லாரி ஆக்சிலே போடு” என்றார் கந்தவேல்.

பழைய வண்டிகளை உடைக்கும் இடங்களில் இருவரும் நான்கு நாள் தேடினார்கள். சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் என்ஜின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று கந்தவேல் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு எண்ணினார். மூன்று ஆக்சில்கள் ஒத்துவரவில்லை. நான்காவது ஒத்தது. அதைப் பக்கவாட்டில் நான்கு நான்கு அங்குலம் வெட்டிச் சேர்த்தவர் பக்கத்து லேத் பட்டறை மோகன்குமார்.

“ஆட்டுக்குட்டிக்கு ஆனைக் காலு வெக்கறீங்க. நடக்குமா, உக்காந்துக்குமான்னு தெரியல” என்று அவர் சிரித்தார். கந்தவேலும் சிரிக்க வேண்டிய இடம் அது. அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பொருத்தி முடித்த அன்று கந்தவேல் சொன்னார்: “வலப்பக்கத்து ஷாஃப்ட்ட உருவு.”

“இப்பத்தானுங்ணா போட்டேன்!”

“உருவு. ஓட்டிப் பாக்கோணும்.”

செங்கோட்டையன் உருவினார். எண்ணெய் ஒழுகாமலிருக்க ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்தார். பட்டறைக்குப் பின்னாலிருந்த மஞ்சள் காயவைக்கும் களத்தில், முன் சக்கரங்களின் இழுப்பில், ஷாஃப்ட் இல்லாத ஜீப்பைக் கந்தவேல் ஓட்டினார். வலப்பக்கமாக ஒடித்தார், இடப்பக்கமாக ஒடித்தார், வரப்பின் மேல் ஏற்றி இறக்கினார். செங்கோட்டையன் முதல் மூன்று சுற்றுக்குப் பக்கத்திலேயே ஓடி வந்து, மூச்சு வாங்க நின்றுவிட்டார். மொத்தம் பன்னிரண்டு சுற்று. சக்கரம் கழலாமல் அதன் இடத்திலேயே இருந்தது. மோகன்குமார் கைதட்டினார்.

கந்தவேல் என்ஜினை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தார். இதைக் கண்ணால் பார்த்த பிறகு உள்ளே ஏதாவது ஒன்று நடக்கும் என்று எண்ணியிருந்ததாகப் பின்னர் சொன்னார். அழுகையாவது, ஆத்திரமாவது. ஒன்றும் நடக்கவில்லை. தாகம் மட்டும் எடுத்தது.

முதல் பயணத்தின் தேதியில் சிறு வேறுபாடு உண்டு. பட்டறை நோட்டில் ஏப்ரல் 2, செவ்வாய் என்றிருக்கிறது. கந்தவேல் வெள்ளிக்கிழமை என்கிறார். நோட்டின் தேதியே இங்குக் கொள்ளப்படுகிறது. பத்து மூட்டை சிமெண்டு ஏற்றித் தார்ப்பாய் கட்டி அவர் திரும்பியபோது, வலப்பக்கப் பின் பெஞ்சில் மகள் தனப்பிரியா அமர்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. மடியில் தராசு.

“எறங்கு சாமி. ஆள் ஏத்தறதில்லைன்னு ஊருக்கே சொல்லியிருக்கறேன்.”

“பலாக்கா எடைய யாரு போடுவாங்க? நீங்களா? அம்மா இருக்கறப்பவே உங்களுக்குக் கிலோ தப்பும்.”

“எறங்குன்னேன்.”

“சக்கரம் போகுமாங்ப்பா?”

“போகாது.”

“அப்பறம் என்னங்க?”

கந்தவேல் பின் சக்கரத்தைக் காலால் ஒருமுறை உதைத்துப் பார்த்தார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.

வழியில் ஆக்சிலின் வயிறு இரண்டு இடத்தில் பாறையில் உரசியது. இரண்டு முறையும் இறங்கிக் குனிந்து பார்த்தார், கடப்பாரையால் கல்லைப் புரட்டித் தள்ளினார், ஏறிக்கொண்டார். எட்டாவது வளைவை முதல் கியரில் கடந்தார். எல்லா வளைவையும் அப்படித்தான் கடந்தார். மகள் வெளியே பார்த்தாள்.

மேலே சிமெண்டை இறக்கி, பலாப்பழங்களை எடை போட்டு ஏற்றி முடிக்க மூன்று மணியாயிற்று. புறப்படும் நேரத்தில் ஏழு பேர் பைகளோடு வண்டியோரம் வந்து நின்றார்கள். அவர்களுள் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. தனப்பிரியா தராசை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சின் உள்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

கந்தவேல் ஏறச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, எதிரே பாதையைப் பார்த்தபடி, ஏழு முறை வண்டி சாய்ந்து நிமிர்வதை எண்ணினார். பிறகு திரும்பிப் பார்க்காமலே, “கம்பியப் புடிச்சுக்கங்க” என்றார்.