யுட்ரோன் இடமாகப் போன கோரா

யுட்ரோன் கட்டிக்கொண்டவன் மலையை இடமாகச் சுற்றுகிற ஆள் என்பதுதான் அவள் அண்ணன் ரிக்சினுக்குப் பொறுக்கவில்லை. மற்றபடி நம்காவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிழக்கே கியுங்போவிலிருந்து கயிலையைச் சுற்ற வந்தவன், மலையடிவாரத்துத் தார்ச்சென்னில் அவளுடைய டீக்கூடாரத்தில் குளிருக்கு ஒதுங்கினான்; ஊர் திரும்பாமலே தங்கிவிட்டான். யாத்திரிகர்களின் மூட்டைகளை யாக்குகள் மேல் ஏற்றிக்கொண்டு போகும் வேலை. குடி கிடையாது. யாக்குகளோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசமாட்டான். ஆனால் அவன், புத்தர் வருமுன்பே திபெத்தில் இருந்த பொன் என்கிற பழைய மதத்துக்காரன். புத்தரைக் கும்பிடுகிற நாமெல்லாம் மலையை வலமாகச் சுற்றினால் அவர்கள் இடமாகச் சுற்றுவார்கள்.

“ஊரே ஒரு பக்கமாப் போவுது, உன் புருஷன் எல்லார் மூஞ்சிக்கும் நேரா வர்றான். இதுக்குப் பேரு கோராவா?” என்பான் ரிக்சின், கூடாரத்தில் நாலு பேர் இருக்கும்போது பார்த்து.

“அண்ணே, கோரான்னா சுத்துறது. மலையைச் சுத்தினாலும் கோரா, மடத்தைச் சுத்தினாலும் கோரா. சோத்துக்கைப் பக்கமா பீச்சாங்கைப் பக்கமான்னு அந்தச் சொல்லுல எங்க இருக்கு?”

“நல்லா வாய் வளத்து வச்சிருக்கான் உனக்கு.”

“அவரா? அவருக்கே வாய் கிடையாது.”

கூடாரம் சிரிக்கும். நம்கா அடுப்பில் சாண வறட்டியைத் தள்ளிக்கொண்டிருப்பான்.

ஒவ்வொரு வருஷமும் புத்தர் ஞானமடைந்த நாளான சாகா தாவா பௌர்ணமிக்கு இருவரும் ஒன்றாகத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். அவள் மேற்கே திரும்புவாள், அவன் கிழக்கே. மலைக்கு அந்தப் பக்கம், தோல்மா கணவாயின் உச்சியில், கொடிகள் கட்டிய பெரிய பாறையருகே சந்திப்பார்கள். அவளிடம் வெண்ணெய் டீ, அவனிடம் வாற்கோதுமையை வறுத்து அரைத்த சாம்பா மாவும் காய்ந்த பாலாடைக்கட்டியும். தின்று முடித்துவிட்டு அவரவர் திசையில் இறங்குவார்கள். பார்க்கிறவர்கள், “என்னம்மா, புருஷன் பொஞ்சாதிக்குள்ள சண்டையா?” என்று கேட்பார்கள். “ஆமா. சாயங்காலம் சமாதானம் ஆயிடும்” என்பாள்.

மகள் பல்சோம் கைக்குழந்தையாக இருந்தபோது மட்டும் ஒரு சிக்கல் வந்தது. உச்சிவரை யுட்ரோனின் முதுகில் போன குழந்தையை அங்கே நம்கா வாங்கிக்கொண்டான். அவன் இறங்கியது அவள் ஏறி வந்த வழியில். குழந்தை போன வழியிலேயே திரும்பி வந்து சேர்ந்தது. “எல்லாரும் போனோம், இவளுக்கு மட்டும் கோராவே ஆகலியே!” என்று அன்று சாயங்காலம் யுட்ரோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நம்கா சத்தம் போட்டுச் சிரித்ததை ஊர் கேட்டது அன்றைக்குத்தான்.

பல்சோம் வளர்ந்து, அலி நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வருஷம், குளிர்காலம் முழுக்க நம்காவுக்கு இருமல். பௌர்ணமி வந்தபோது யுட்ரோன் தடுத்துப் பார்த்தாள்.

“ஒரு வருஷம் போகலேன்னா மலைக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.”

“எனக்குக் குறையும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கணவாயின் உச்சியில் அவன் இல்லை. யுட்ரோன் காத்திருந்தாள். டீ ஆறிப் போயிற்று. கிழக்கேயிருந்து ஏறி வந்த பொன்காரர் ஒருவர், கீழே குளத்தைத் தாண்டி ஓர் ஆள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பனியில் சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடினாள்.

நம்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம்.

“கை குடு” என்றான். “மேல ஏத்தி விடு. ஏறிட்டா போதும்.”

“ஏறக் கூடாதுங்க. கீழ போகணும். உங்க மூச்சைப் பாருங்க.”

“கீழ போனா திரும்பினதா ஆயிடும்.”

“திரும்பினா திரும்பினதுதான். உயிரோட இருந்தா அடுத்த வருஷம் போங்க.”

“வேணாம் யுட்ரோன். என்னைத் திருப்பாதே.”

அவள் கேட்கவில்லை. அந்த வழியாக வந்த குதிரைக்காரன் ஒருவனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவனும் அவளுமாக நம்காவைத் தூக்கிக் குதிரையில் உட்கார வைத்தார்கள். தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து அவனைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டினாள். விலக்கித் தள்ள அவன் கையில் பலமில்லை. முகத்தைப் பிடரி மயிருக்குள் புதைத்துக்கொண்டான். “இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு” என்று அவள் சொல்லிக்கொண்டே நடந்தாள். தார்ச்சென் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குதிரைக்காரன்தான் நின்றான். “அக்கா, பேச்சு மூச்சு இல்லியே” என்றான். உயிர் எந்த இடத்தில் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

கீழே இறக்கியதுதான் சரி, மேலே ஏறியிருந்தால் உச்சிக்குப் போகுமுன்பே போயிருப்பான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. ரிக்சின் எல்லாக் காரியங்களையும் முன்னால் நின்று செய்தான். வழக்கப்படி இறந்தவர்களைக் கழுகுகளுக்கு இரையாகக் கொடுக்கும் பாறைவரை உடலைத் தன் முதுகிலேயே சுமந்து போனான். திரும்பி வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, “அழாதே. ஒரு விதத்துல நல்லதுதான் நடந்திருக்கு. கடைசியில அவனும் வலமா வந்துதானே சேர்ந்தான்” என்றான்.

யுட்ரோன் அழுகையை நிறுத்திவிட்டாள். அண்ணனோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

சடங்குகள் முடிந்து சில நாளில், வழியில் டீ குடிக்க வந்த ஒரு பொன் துறவியிடம் கேட்டாள். “அவரோட கோரா பாதியில நிக்குது சாமி. மீதியை நான் போனா அவருக்குச் சேருமா?”

துறவி கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அவர் மனசு போன தூரம் அவர் போயிட்டார்மா. உன்னால கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனா உனக்குப் போகணும்னு இருந்தா, போ.”

மறுநாள் விடியலில் கிழக்கே திரும்பினாள். பிறந்ததிலிருந்து மலையை வலத்தோளின் பக்கம் வைத்தே நடந்தவளுக்கு அது இடப்பக்கம் நிற்பது கழுத்தே திருகிக்கொண்டதுபோல் இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் எதிரே வந்தார்கள். மேய்ச்சல்காரக் கிழவி ஒருத்தி நிறுத்தினாள்.

“ஏம்மா, நம்மாளுதானே நீ? இப்படி எதிர்க்க வர்றே? எதையாவது தொலைச்சிட்டியா?”

“ஆமா ஆச்சி.”

“கிடைச்சிடும், கவலைப்படாதே” என்று கிழவி கையிலிருந்த ஜெபச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு போனாள்.

அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாறை வந்தது. அதைத் தொட்டுவிட்டு ஏறத் தொடங்கினாள். கிழக்கிலிருந்து அந்தக் கணவாய் செங்குத்து. கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் இதிலா ஏறி வந்தார், ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே என்று நின்று நின்று மூச்சு வாங்கினாள்.

மேற்குப் பள்ளத்தாக்கில் இறங்கி வரும்போது ரிக்சின் எதிரே வந்தான். விடுமுறைக்கு வந்திருந்த பல்சோம் சொல்லித் தேடி வந்திருக்கிறான்.

“போதும் யுட்ரோன். வா, எங்கூட வலமாத் திரும்பு.”

“வழியை விடு.”

“அன்னைக்கு ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.”

“ஆறுதலா? திருப்பாதேன்னு கெஞ்சினவரைக் குதிரையில கட்டி இழுத்துட்டு வந்தவ நான். அதைப் போய் நல்லதுன்னு நீ சொல்லிட்டா, நான் எங்க போய் அழுவேன்?”

ரிக்சின் ஓரமாகக் கற்களின் மேல் ஏறி நின்று வழிவிட்டான். அவள் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்ததாக யாக்குக்காரர்கள் சொன்னார்கள்.

சுற்றி முடித்து வந்த யுட்ரோன், பாரம் குறையவில்லை என்றுதான் மகளிடம் சொன்னாள். குறையும் என்று எதிர்பார்த்துப் போகவில்லை என்றும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் இடமாகப் போகவில்லை. முன்போலவே வலமாகத்தான். ரிக்சின் குளிர்காலத்துக்கு முன் வறட்டி மூட்டைகளைக் கொண்டுவந்து கூடாரத்துக்குப் பின்னால் அடுக்கிவிட்டுப் போகிறான். அவள் டீ ஊற்றிக் கொடுக்கிறாள். பனியைப் பற்றி, யாக்குக்கு வந்த கால்நோயைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் இல்லை.

பல்சோம் இப்போது அலியில் நர்ஸாக இருக்கிறாள். பௌர்ணமிக்குத் தவறாமல் விடுப்பெடுத்து வந்துவிடுவாள். எந்தப் பக்கமாகவும் அவள் மலையைச் சுற்றியதில்லை. தாயும் கேட்டதில்லை.

“நீ போய்ட்டு வாம்மா. கடையை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கிண்ணங்களைக் கழுவ உட்கார்ந்துவிடுவாள்.