"இந்த இனிப்புல கெடுதி இல்லையா அக்கா?"

புரோட்டீன் பவுடர் விக்கிற கடையில யாரும் புரோட்டீனைப் பத்திக் கேக்க மாட்டாங்க, அதுல கலந்திருக்கிற இனிப்பைப் பத்தித்தான் கேப்பாங்க. மாத்தளை டவுன்ல அப்படி ஒரு கடையில ஆறு வருஷமா நிக்கிறேன். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவ நான். கொழுந்துக் கூடை வேணாம்னு மலையை விட்டு இறங்கி வந்து, ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருக்கேன். என்னை மாதிரி கவுண்டர்ல நின்னு கால் கடுத்தவங்களே, உங்களுக்குத் தெரியாததா? வாய் பாட்டுக்குப் பேசும், மனசு எங்கேயோ இருக்கும்.

எறும்பு பார்த்த பரிசோதனை

அலுவிகாரையில இருந்து ஒரு ஐயா வந்தாரு, ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர். ஜிம்முக்குப் போற மகன் வாங்கின டின்னைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்திருக்காரு. டின்னுல சுக்ரலோஸ்னு எழுதியிருக்கு. சீனி இல்லாம இனிக்கிறதுக்காகப் போடுற செயற்கை இனிப்பு அது. ஐயா ஒரு கரண்டி பவுடரை வாசப்படியில கொட்டி, பக்கத்துல ஒரு கரண்டி சீனியையும் கொட்டி, காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கதிரை போட்டுக் காவல் இருந்திருக்காரு. சீனியை மொய்ச்ச எறும்பு, பவுடரைச் சுத்திக்கிட்டுப் போயிருச்சாம்.

எறும்புக்கு யாருங்க டொக்டர் பட்டம் குடுத்ததுன்னு கேக்க நாக்கு துடிச்சிச்சு, அடக்கிக்கிட்டேன். அளவோட எடுத்தா பயமில்லன்னுதான் சொல்றாங்க ஐயான்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். அவரு டின்னை என் பக்கமாத் தள்ளி வச்சிட்டு சொன்னாரு: "எறும்பே வேணாங்கிறதை எம்புள்ள ஏன்மா குடிக்கணும்?"

மூணு வரிப் பாடம்

இப்படி ஆளுங்க கூடிப் போகவும், பவுடர் கொண்டு வந்து போடுற கம்பனிக்காரர் ஒருத்தர் எனக்கு மூணு வரி எழுதிக் குடுத்தாரு. ஒண்ணு, இந்த இனிப்பு அனுமதிச்ச அளவுக்குள்ளதான் போட்டிருக்கு. ரெண்டு, இது உடம்புல தங்காம பெரும்பாலும் அப்படியே வெளிய போயிரும். மூணு, ஏதாச்சும் வருத்தம், நோய்நொடி உள்ளவங்க பவுடர் எடுக்குறதுக்கு முன்னாடி டொக்டரைக் கேக்கணும்.

மூணையும் மனப்பாடம் பண்ணி ஒரு வாரம் ஒப்பிச்சேன். மூணாவது வரிக்கு வந்ததும் முக்காவாசிப் பேரு, "அப்ப கேட்டுட்டே வாறோம்"னு கிளம்பிருவாங்க, இந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்க. முதலாளி ஒரு வாரம் பொறுத்துப் பாத்தாரு. நல்ல மனுசன்தான், இதுவரைக்கும் என்னை அதட்டிப் பேசினதில்ல. அன்னைக்கும் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு: "வந்த ஆளையெல்லாம் டொக்டர்கிட்ட அனுப்பிட்டா, நம்மகிட்ட யாரு தங்கச்சி வாங்குறது?"

கலேவெலயில இருந்து வந்த ரிஸ்னா

அதுக்கப்புறம் ரெண்டு வரியோட நிறுத்திக்கிட்டேன். அப்படி இருக்கிற நேரத்துலதான் ரிஸ்னா வந்தா. கலேவெல பக்கம் வயல் செய்யிற குடும்பம், பஸ் மாறி வந்திருக்கா. "வாப்பா சோத்தையே தொடுறாரில்ல அக்கா, எலும்பும் தோலுமா இரிக்கிறாரு. இதைக் கலக்கிக் குடுத்தா தெம்பு வரும்னாங்க"ன்னு சொன்னா. அவளுக்கும் ஒரே பயம், இனிப்புதான். கேன்சர் வருமா, சீனி ஏறுமான்னு திருப்பித் திருப்பிக் கேட்டா. அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு பிரியம் வந்திருச்சு. டின்னைத் திருப்பி, எழுத்தைத் தொட்டுக் காட்டி, அரை மணித்தியாலம் விளக்கினேன்.

நடுவுல, "வாப்பா கிளினிக் போறவர்தான்"னு ஒரு வார்த்தை சொன்னா. எங்க பக்கம் மாசா மாசம் ஆஸ்பத்திரி கிளினிக் போகாத வயசாளி யாரு இருக்கா? பிரஷருக்கா இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். என்ன கிளினிக்னு கேக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாவி நான் கேக்கல. டின்னைப் பையில வச்சிக்கிட்டு, முகமெல்லாம் சிரிப்பா அவ கேட்டா: "அப்ப பயமில்லாம குடுக்கலாம்தானே அக்கா?"

பாதி டின்

ரெண்டு மாசம் கழிச்சு அதே டின்னோட வந்தா. பாதி அப்படியே இருந்துச்சு. வாப்பா மவுத்தாகி, அடக்கம் பண்ணி பதினோரு நாளுன்னா. அவரு போயிக்கிட்டு இருந்தது கிட்னி கிளினிக். கெட்டுப்போன கிட்னிக்குப் புரதம் சுமைன்னு இறைச்சி, கருவாடு, பருப்பு எல்லாத்தையும் குறைக்கச் சொல்லியிருக்காங்க, இவங்களும் ஒழுங்காக் குறைச்சிருக்காங்க. பவுடர் பாக்கப் பால்மா மாதிரிதானே இருக்கு? அதுல இருக்கிறதும் அதே புரதம்தான்னு வீட்டுல ஒருத்தருக்கும் தோணல. காலையும் மாலையும் ஒவ்வொரு கிளாஸ் அவளே கலக்கிக் குடுத்திருக்கா. முகமும் காலும் வீங்கி வார்டுல சேர்த்தப்புறம்தான் டொக்டருக்கே தெரிஞ்சிருக்கு. கிட்னி ஏற்கனவே மோசம்தான், ஆனா இதைக் குடுத்திருக்கவே கூடாதுன்னு சொன்னாராம். பவுடர் இல்லாட்டி இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரான்னு கேட்டிருக்கா. அவரு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாராம்.

அவ திட்டிட்டுப் போயிருந்தா ஆறியிருக்கும். மன்னிச்சிருன்னு சொல்ல வாயைத் திறந்தா அழுகைதான் வந்துச்சு. அவதான் கவுண்டருக்கு மேலால எட்டி என் கையைப் பிடிச்சா: "நீங்க பொய் சொல்லல்ல அக்கா. இனிப்பு கெடுதியான்னுதானே நான் கேட்டேன்."

இப்பல்லாம் இனிப்பைப் பத்தி யாரு கேட்டாலும் "குடிக்கப் போறது யாரு, என்ன வருத்தம், எந்த கிளினிக்?"னு மூணு கேள்வியை நான்தான் மொதல்ல கேக்கிறேன், பாதிப் பேரு, "மருந்துக் கடையா பவுடர் கடையா இது?"ன்னு முணுமுணுத்துக்கிட்டு, தொந்தரவு இல்லாத அடுத்த கடைக்குப் போயிடறாங்க.